புழுவுக்கு வாங்கிய பாட்டில்கள்

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் அதிகமாக எழுதியது டப்பாக்கள் மேல் ஒட்டும் சீட்டுகள்தான்: எந்த ஏரி, எந்தக் கரை, என்ன தேதி. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். அப்படிப்பட்டவன் இத்தனை பக்கத்தை உங்கள் முன்னால் நீட்டுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையை வாயால் சொல்லி என்னால் ஒருமுறைகூட முடிக்க முடிந்ததில்லை. நடுவில் யாராவது சிரித்துவிடுகிறார்கள், நான் நிறுத்திவிடுகிறேன். காகிதம் சிரிக்காது என்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

சுற்றுச்சூழல் ஆய்வு செய்து அறிக்கை கொடுக்கும் ஒரு சென்னைக் கம்பெனியில் எனக்கு டிரைவர் வேலை. புதுச்சேரிப் பக்கத்து வேலைகளுக்காக ஒரு ஜீப்பை வில்லியனூர் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டிரைவர் என்று பெயர்தானே தவிர, பாதி நாள் முட்டிவரை தண்ணீரில் நின்று வலை பிடித்துக்கொண்டிருப்பேன். வலை என்றால் மீன் வலை இல்லை. துணி போல நெருக்கமாகப் பின்னிய, நீளக் கைப்பிடி வைத்த பை. அதை ஏரி ஓரத்துப் புல்லிலும் சேற்றிலும் இழுத்து, சிக்கியதை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினால், மேடம் குனிந்து பார்ப்பார்.

மேடம்தான் எங்கள் கம்பெனியில் ஏரி, குளம், ஆறு எல்லாவற்றுக்கும் பெரிய நிபுணர். விசிட்டிங் கார்டில் ஆங்கிலத்தில் பெயருக்குக் கீழே மூன்று சொல் நீளத்துக்குப் பதவி இருக்கும். ஊர்க்காரர்கள் அது என்ன என்று என்னைத்தான் கேட்பார்கள். நான் ஒருமுறை ‘ஏரி டாக்டர்’ என்று சொல்லிவைத்தேன். அடுத்த நாள் ஏரியில் குளித்து உடம்பு அரிக்கிறவர்கள் வரிசையாக வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். மேடம் எல்லோருடைய முதுகையும் பார்த்துவிட்டு, எந்தக் கரையில் குளித்தார்கள் என்பதை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அவருக்கு மீனில் அவ்வளவு ஆசை கிடையாது. புழு, நத்தை, தும்பிக் குஞ்சு, நீர்த்தேள் இவைதான் வேண்டும். ஒரு ஏரியில் எந்தப் புழு இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தே அந்தத் தண்ணீரின் நிலைமையைச் சொல்லிவிடுவார். சிவப்புப் புழுவாகவே வந்தால் முகம் வாடிவிடும். வால் மூன்றாகப் பிரிந்த, கொசு அளவுப் பூச்சிக் குஞ்சு ஒன்று கிடைத்தால், “அடடா, நீ இங்க இருக்கியா” என்று அதனிடமே பேசுவார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்னிடம் பேசுகிறார் என்று நினைத்து, ‘இருக்கேன் மேடம்’ என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

கரிக்கலாம்பாக்கம் பக்கம் ஒரு ஏரியை ஒட்டி மனைப்பிரிவு போட அனுமதி கேட்டிருந்தார்கள். அந்த ஏரியில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று அறிக்கை கொடுப்பது எங்கள் வேலை. மேடம் அதற்கு ஒரு தேதி குறித்தார். அன்று சாயங்காலம்தான் என் மகளுக்குப் பூ வைக்க வருவதாக இருந்தார்கள்.

மாப்பிள்ளை வீடு செலியமேடு. பையன் மருந்துக் கம்பெனியில் வேலை. என் மகள் நர்ஸ். இரண்டு பேருக்கும் பிடித்துப் போய், வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சொல்லி, எங்களுக்கும் பிடிக்க வைத்திருந்தார்கள். நகை பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. பையனின் அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. பெண் வீட்டில் யாரும் குடிக்கக் கூடாது. அவருடைய அண்ணன் சாராயத்தால் போனவர். அதிலிருந்து இவர் பாட்டில் என்றாலே எழுந்து போய்விடுவார். இதற்கு முன் பார்த்த ஒரு வீட்டில், பிராந்தி பாட்டிலில் மணி பிளாண்ட் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, கொடுத்த காபியைக் குடிக்காமல் வெளியே வந்தவர்.

நான் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன். கடைக்குள் போய்க் கேட்கக் கூச்சம், அவ்வளவுதான். ஆனாலும் மணி பிளாண்ட் கதையைக் கேட்டதிலிருந்து என் மனைவி வீடு முழுக்கச் சோதனை போட்டாள். கழிவறையில் பினாயில் ஊற்றி வைத்திருந்த ஒரு பாட்டிலின் வடிவம் சரியில்லை என்று அதையும் தூக்கி எறிந்தாள்.

மேடத்திடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு நாள் மாற்றியிருப்பார். ஆனால் ‘என் பெண்ணுக்கு’ என்று ஆரம்பித்து முழு வாக்கியமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மத்தியானம் வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு வலையை எடுத்து ஜீப்பில் போட்டார்.

பிடித்த பூச்சிகளை உடனே ஸ்பிரிட்டில் போட வேண்டும். இல்லாவிட்டால் தட்டிலேயே பெரியது சின்னதைத் தின்றுவிடும். தும்பிக் குஞ்சு ஒன்று போதும், பத்து நிமிடத்தில் பாதி அறிக்கையை விழுங்கிவிடும். அதற்காக எப்போதும் ஒரு கேன் ஸ்பிரிட் ஜீப்பின் பின்னால் இருக்கும். அன்று முதல் தட்டு நிறைந்ததும், கேனை மேடத்தின் பக்கத்தில் கொண்டுபோக ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது ஜீப் ஒரு குதி குதித்தது. கேன் உருண்டு, கம்பியில் மோதி, அடியில் விரிசல் விட்டது. நான் ஓடிப் போய் அதைத் தூக்கி அணைத்துக்கொண்டேன். அதனால் கேனில் இருந்தது முழுவதும் தரைக்குப் போகாமல் என் சட்டைக்கும் பேண்டுக்கும் வந்தது.

மேடம் அதைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். டவுனுக்குப் போய் ஸ்பிரிட் வாங்கி வர நேரமில்லை. “இங்க பக்கத்துல ஒயின் ஷாப் இருக்கா அண்ணா?” என்று கேட்டார்.

புதுச்சேரியில் இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லக்கூடிய இடம் ஒன்றிரண்டு இருக்கலாம். நாங்கள் நின்ற இடம் அதில் ஒன்று இல்லை. கரையிலிருந்தே போர்டு தெரிந்தது. மேடம் மருந்துச் சீட்டு சொல்வது போலச் சொன்னார். நிறம் இருக்கக் கூடாது, பூச்சியில் கறை பிடிக்கும். இருப்பதிலேயே வீரியம் அதிகமாக இருக்க வேண்டும். ஒரு பெட்டி நிறைய வேண்டும். பில் கட்டாயம் வேண்டும்.

கடைக்குள் காலை நேரத்திலேயே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் தலையைக் குனிந்தபடி போய், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, இருப்பதிலேயே போதை அதிகமானது எது என்று கேட்டேன். கடைக்காரர் மூக்கை உறிஞ்சி என் சட்டையைப் பார்த்தார்.

“ஏற்கெனவே ஃபுல்லாதான் வந்திருக்கிற போல?”

தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்க வேண்டும் என்றேன்.

“வூட்ல தெரியக் கூடாதா? வோட்கா எடுத்துக்கோ. ஃபிரிட்ஜுல தண்ணி பாட்டில் பக்கத்துல வெச்சிக்கினா ஒருத்தருக்கும் தெரியாது.”

ஒரு பெட்டி என்றதும் கடை கொஞ்சம் அமைதியானது. பில் வேண்டும் என்றதும் முழுக்க அமைதியானது. அந்தக் கடையில் யாரும் பில் கேட்டதில்லை போலிருக்கிறது. பில் புத்தகத்தைத் தேட ஒருவரை உள்ளே அனுப்பினார்கள். அந்த இடைவெளியில் எல்லோரும் என்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. ஏதாவது சொன்னால் பார்வை திரும்பும் என்று நினைத்து, “எனக்கு இல்லீங்க, புழுவுக்கு” என்றேன்.

மூலையில் இருந்த ஒரு கிழவர் தன் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். “நானும் அதுக்குத்தாம்பா குடிக்கிறேன். வயித்துல நெறைய கெடக்குது.”

கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு ஆள் மட்டும் சேராமல், தலையில் போட்ட துண்டை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டார். இழுத்த விதத்தாலேயே என் கண் அங்கே போனது. மாப்பிள்ளையின் தாய்மாமன்.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். போன தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மாலை போட்டு மலைக்குப் போனதிலிருந்து இதையெல்லாம் விட்டுவிட்டதாகச் சபையில் பெருமையாகச் சொன்னவர் இவர்தான். தெரிந்தவர்கள் கண்ணில் படாமலிருக்கச் செலியமேட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். பில்லை வாங்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கினேன். இன்றோடு மகள் கல்யாணம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப் அருகே வரும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“சம்பந்தி.”

நான் திரும்பி, ஸ்பிரிட் கேன், ஏரி, பூச்சி, மேடம் என்று வரிசை இல்லாமல் என்னென்னவோ சொன்னேன். அவர் என் தோளில் கை போட்டு, பரிவோடு கேட்டுக்கொண்டார்.

“புழுவுக்கு. சரி. நல்லாத்தான் யோசிச்சி வெச்சிருக்கீங்க. நான் வூட்ல கரும்புக்கு மருந்து வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வருவேன்.” குரலைத் தாழ்த்தினார். “நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. எங்க மாமா கையில இந்தச் சம்பந்தத்த முடிச்சி வெக்கிறது என் பொறுப்பு. அந்த வூட்ல ஒத்த ஆளா நான் இன்னா பாடு படறேன்னு ஒங்களுக்குத் தெரியாது. பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு கெடச்சா போதும்.”

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. குடிகாரன் என்று நம்பியதால் ஒருவர் எனக்கு ஆதரவாக நிற்கிறார். இல்லை என்று நிரூபித்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மேடம் பூச்சிகளை டப்பாக்களில் போட்டு வோட்காவை ஊற்றினார். ஆனால் இது ஸ்பிரிட் அளவுக்கு வீரியம் இல்லை, சேற்றுத் தண்ணீர் கலந்து இன்னும் குறைந்துவிடும், சாயங்காலம் பழையதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றியாக வேண்டும் என்றார். அதோடு இன்னொரு சிக்கல். சென்னைக்குப் போகத் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டும். இத்தனை வோட்காவோடு போனால் சோதனைச் சாவடியில் புழுவைக் காட்டியா தப்பிக்க முடியும்? ஆபீஸிலிருந்து கடிதம் வரும்வரை எல்லாம் இங்கேயே இருக்க வேண்டும். மேடம் தங்கியிருந்த லாட்ஜில் சேற்று டப்பாவை உள்ளே விட மாட்டோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

“உங்க வீட்டுல ஒரு நைட் வெச்சுக்கலாமா அண்ணா? நானே வந்து மாத்தி ஊத்திடறேன்.”

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் “சரி மேடம்” என்றேன்.

வீட்டு வாசலில் என் மனைவி என்னை மோந்து பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். நான் குடிப்பவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும் என்பதால் திட்டுவதற்கும் அவளுக்கு வழி இல்லாமல் போனது. “ஒரு பினாயில் பாட்டில தூக்கிப் போட்டேன். நீ பொட்டியோட வாங்கினு வந்திருக்கிற” என்று மட்டும் சொன்னாள். எப்போதும் ‘வாங்க’ என்பவள், அன்று ‘நீ’ என்றாள். என்னை இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளிக்க வைத்தாள். டப்பாக்களும் பெட்டியும் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லருகே போயின. வீட்டுக்குள் சாம்பிராணி போட்டாள். போதாது என்று இன்னொரு முறை போட்டாள்.

மேடம் பொழுதோடு ஆட்டோவில் வந்து, யாரோ விருந்தாளிகள் வருகிறார்கள் போல என்று தானாகவே புரிந்துகொண்டு, தொந்தரவு இல்லாமல் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டு, இடுக்கியை எடுத்த பிறகு அவருக்கு உலகம் கிடையாது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைச் சட்டை போட்ட, குள்ளமான, அமைதியான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்கு இரண்டு முறை அசைந்தது.

“சாம்பிராணி போட்டிருக்கீங்களா?”

“ஆமாங்க.”

இன்னொரு முறை மூச்சை இழுத்தார். “அதுக்குக் கீழ இன்னொண்ணு வருதே.”

தாய்மாமன் உடனே முன்னால் நகர்ந்தார். “ஆஸ்பத்திரி வாசன மாமா. பொண்ணு நர்ஸ் இல்ல? யூனிஃபார்ம்ல ஒட்டினு வந்திருக்கும்.”

அவர் அதை ஏற்றுக்கொள்வது போலத் தலையை அசைத்தார். என் மனைவி சொஜ்ஜித் தட்டை நீட்டினாள். அவர் கையை நீட்டினார். அப்போது பின்பக்கத்திலிருந்து மேடத்தின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அண்ணா, ஒரு ஃபுல் பத்தல. இன்னொண்ணு ஓப்பன் பண்ணிக் குடுங்க.”

தட்டுக்கு வந்த கை நின்றது. என் மகள் அறைக் கதவுக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரியும். அவளுடைய வளையல் சத்தமும் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். வாசல் பக்கம் போவார் என்று நினைத்தேன். அவர் பின்பக்கம் போனார். ஒரு பெண் குரல் ஃபுல் கேட்டதை அவரால் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை போலும். எல்லோரும் அவருக்குப் பின்னால் போனோம்.

மேடம் முக்காலியில் உட்கார்ந்து வெள்ளைத் தட்டின் மேல் குனிந்திருந்தார். பக்கத்தில் வரிசையாகக் காலி வோட்கா பாட்டில்கள். நிழல் விழுந்ததும் தலையைத் தூக்காமலே, “வெளிச்சத்த மறைக்காதீங்க அண்ணா” என்றார். மாப்பிள்ளையின் அப்பா நகர்ந்து நின்றார்.

“பாட்டில்” என்று மேடம் கையை நீட்டினார்.

இத்தனை வருடமாகப் பாட்டிலைப் பார்த்தாலே எழுந்து போன மனிதர், தோளில் இருந்த துண்டின் முனையால் பெட்டியிலிருந்து ஒரு வோட்கா பாட்டிலைப் பிடித்து எடுத்து, மூடியைத் திருகி, மேடத்தின் கையில் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மேடம் நீட்டிய கையில் எதையாவது வைக்காமல் இருப்பது கஷ்டம், எனக்குப் பழக்கம்.

தட்டில் கொட்டியிருந்தது காலையில் வோட்கா சரியாக இறங்காத ஒரு சேற்று டப்பா. அதில் ஒரு தும்பிக் குஞ்சு இன்னும் சாகாமல் சேற்றிலிருந்து ஊர்ந்து வந்தது. மேடம் அதை ஒரு கிண்ணத்தில் எடுத்துப் போட்டு வோட்காவை ஊற்றினார். அது ஒரு சுற்று முறுக்கிக்கொண்டது. கால்களை விரித்தது. அசைவு நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா குனிந்தார்.

“செத்துடுச்சா?”

“செத்துடுச்சு” என்றபடி நிமிர்ந்த மேடம் அப்போதுதான் வேறு ஆள் என்று பார்த்தார். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. ஏரியில் எடுத்த பூச்சி, கொண்டுவந்த ஸ்பிரிட் கொட்டிப் போனது, டிரைவரைக் கடைக்கு அனுப்பினது எல்லாவற்றையும் ஒழுங்காக, முதலிலிருந்து சொன்னார். காலையிலிருந்து நான் சொல்ல முடியாமல் தவித்ததை அவர் மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தார்.

“இவ்ளோ நேரந்தானா ஆவும், சாவறதுக்கு?”

“இதுவே லேட் சார். எங்க ஸ்பிரிட்டா இருந்தா இன்னும் சீக்கிரம்.”

மாப்பிள்ளையின் அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றும் பார்க்கவில்லை. திரும்பினார்.

“மச்சான், முன்னாடி வா. இதப் பாரு. வயித்துக்குள்ளயும் இதான நடக்கும்?”

மனிதனுக்குக் கல்லீரல் இருக்கிறது, அப்படி நேராக ஒப்பிட முடியாது என்று மேடம் நேர்மையாகச் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. தாய்மாமனைக் கிண்ணத்தின் முன் நிற்க வைத்து, அடுத்து அதே சேற்றில் உயிரோடு கிடந்த ஒரு நீர்த்தேளுக்கும் ஊற்றச் சொன்னார்கள். தாய்மாமன் நீர்த்தேளைப் பார்க்கவில்லை. அவர் கண் பாட்டிலில் இருந்து இறங்கும் தாரையிலேயே இருந்தது. “அவ்ளோவும் புழுவுக்கா?” என்று மெல்லிய குரலில் கேட்டார்.

ஊரில் பையன்களுக்குக் காட்ட ஒரு டப்பாவைத் தர முடியுமா என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். ஒரு பூச்சி குறைந்தாலும் கணக்குத் தப்பாகிவிடும் என்று மேடம் மறுத்துவிட்டார். அதிலும் அவருக்குத் திருப்திதான். பூச்சியைக்கூட வெளியே கொடுக்காத கம்பெனி, நேர்மையான கம்பெனி என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கடைக்குப் போனது நீங்கதானே. அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தாங்களா? நாளைக்கு ஒருத்தன் வந்து ஒங்கள ஒயின் ஷாப்புல பார்த்தேன்னு சொல்லக் கூடாது பாருங்க. அதுக்குக் கேட்கறேன்.”

தாய்மாமன் நீர்த்தேளையே உற்றுப் பார்த்தார். என் காது சூடானது. பார்வை தானாகத் தரைக்குப் போனது.

“கூட்டமா இருந்துச்சுங்க. நான் தலை நிமிந்து பாக்கல.”

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். “பாத்திருக்க மாட்டீங்க. இப்பவே நிமிந்து பாக்கலியே.” தோளைத் தட்டினார். “இவ்ளோ பாட்டில வூட்ல வெச்சிக்கினு ஒரு சொட்டு நாக்குல வெக்காத ஆளு வேற எங்க கெடைப்பாரு? வாங்க, பூ வெச்சிடலாம்.”

பூ வைத்தார்கள். ஆறிப்போன சொஜ்ஜியை எல்லோரும் சாப்பிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். “இத ஏன் அண்ணா காலைலயே சொல்லல?” என்றார். கை கழுவிக்கொண்டு வந்து என் மகளுக்கு அவரும் ஒரு முழம் பூ வைத்துவிட்டார். கையில் கொஞ்சம் வோட்கா வாசனை இருந்ததாக மகள் பிறகு சொன்னாள்.

வழியனுப்பும்போது தாய்மாமன் என்னை ஜீப் பக்கம் ஒதுக்கினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“நெசமாவே புழுவுக்குத்தானா?”

“ஆமாங்க.”

“அப்ப நீங்க குடிக்கவே மாட்டீங்களா?”

“மாட்டேங்க.”

அவர் முகம் ஏமாந்துபோனவர் முகமாக இருந்தது.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் நீங்க” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் ஆபீஸ் கடிதம் வந்தது. டப்பாக்களையும் மீதிப் பாட்டில்களையும் ஏற்றிக்கொண்டு மேடத்தைச் சென்னையில் விட்டேன். எல்லைச் சோதனைச் சாவடியில் எங்கள் வண்டியை யாரும் நிறுத்தவில்லை.